டாங்கி மாடலுக்கு ராணுவ நிறம் கலப்பது எப்படி: பெங்களூரில் தொடங்குபவர்களுக்கு

1/35 அளவு டாங்கி கிட் ஒன்றை ஒட்டி முடித்துவிட்டீர்கள். பெட்டிக்குள் இருந்த தாளில் ‘ஆலிவ் டிராப்’, அதாவது பழுப்பேறிய ராணுவப் பச்சை, என்று போட்டிருக்கிறது. அதே பெயரில் ஒரு புட்டியும் கடையில் கிடைக்கிறது. வாங்கி அப்படியே அடித்தால் மாடல் கருத்துப்போய், ரிவெட்டும் மூடியும் எங்கே இருக்கின்றன என்றே தெரியாமல் நிற்கும். நிறத்தை நாமே கலந்துகொள்ளப் பழகினால்தான் இது தீரும்.

இதைப் பற்றி எழுதியிருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ இருப்பவர்கள். அவர்கள் சொல்லும் தின்னர் நம் தெருக் கடையில் இருக்காது. அவர்கள் ஊர் ஈரப்பதமும் வேறு. அல்சூரிலோ ஜெயநகரிலோ ஒரு வாடகை வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டுமென்றால் எதை எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும், எந்த மாதத்தில் எந்த நேரத்தில் செய்வது என்பதெல்லாம் எங்கும் ஒன்றாகக் கிடைக்கவில்லை. விசாரித்து விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அந்த அலைச்சல் பட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

1. எந்தப் படை, எந்த ஆண்டு, எந்த மண்: முதலில் இதை எழுதி வையுங்கள்

பெயின்ட் வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: டாங்கி எந்தப் படையுடையது, எந்த ஆண்டில் இருந்தது, எந்த மண்ணில் ஓடியது. இந்த மூன்றும் தெரியாமல் வாங்கினால் பாதிப் புட்டிகள் திறக்கப்படாமலே காய்ந்துபோகும்.

ஆண்டு ஏன் முக்கியம்? ஜெர்மன் டாங்கி என்றால் 1943 பிப்ரவரி ஒரு எல்லைக்கோடு. அதற்கு முன் ஐரோப்பாவில் ஓடியவற்றுக்கு அடிநிறம் கருஞ்சாம்பல், ஜெர்மன் வண்ண அட்டையான ரால் எண்ணில் 7021. அதற்குப் பின் அடர் மஞ்சள், ரால் 7028; அதன் மேல் ஆலிவ் பச்சையும் (ரால் 6003) செம்பழுப்பும் (ரால் 8017). அந்தப் பச்சையும் பழுப்பும் குழைவாக டின்னில் படைப்பிரிவுக்குப் போயின. டாங்கியில் இருந்தவர்களே பெட்ரோலையோ தண்ணீரையோ ஊற்றிக் கரைத்து அடித்தார்கள். அதனால் ஒரே படைப்பிரிவில் இரண்டு டாங்கிகள் ஒரே நிறத்தில் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ‘சரியான’ ஒரே நிறத்தைத் தேடி இரவெல்லாம் விழிக்க வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

அமெரிக்க ஷெர்மனுக்கு எஃப்எஸ் 34087 என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். எஃப்எஸ் 595 என்ற அந்த அமெரிக்க அரசு வண்ண அட்டை வந்ததே 1956-ல்தான். போர்க்கால ஆலிவ் டிராபுக்கு அது கிட்டத்தட்ட ஒரு வழிகாட்டி, அவ்வளவே. ஆனால் அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பிற கிட்களுக்கும் உதவும்: முதல் இலக்கம் 3 என்றால் பளபளப்பற்றது, 2 அரைப் பளபளப்பு, 1 முழுப் பளபளப்பு. இரண்டாவது இலக்கம் 4 என்றால் பச்சைக் குடும்பம்.

நம் படை டாங்கிகளைச் செய்ய நினைப்பவர்களுக்கு வேலை கூடுதல். 1965-ல் அசல் உத்தரிலும் 1971-ல் பசந்தரிலும் போரிட்ட செஞ்சூரியன்கள், இன்றைய வங்கதேசத்தின் கரீப்பூரில் இறங்கிய பிடி-76, நம் ஆவடியில் உருவான விஜயந்தா என்று ஆசைப்படத்தக்க வண்டிகள் நிறைய. ஆனால் அவற்றுக்கென்று பெயர் ஒட்டிய புட்டி எதையும் பெரிய நிறுவனங்களிடம் நான் பார்த்ததில்லை. செஞ்சூரியனுக்கு பிரிட்டிஷ் ராணுவத்தின் டீப் பிரோன்ஸ் கிரீன் (அடர் வெண்கலப் பச்சை), அதாவது பிஎஸ் 381சி அட்டையின் 224-ஆம் எண், நல்ல தொடக்கப்புள்ளி. இந்தியத் தர அமைப்பின் ஐஎஸ் 5 வண்ண அட்டையிலும் ஆலிவ் கிரீன் எண் 220 உண்டு. தொழிற்சாலைப் பெயின்ட் விற்கும் கடைகளில் இந்த அட்டை இருக்கும், கேட்டுப் பார்க்கலாம்.

எச்சரிக்கை ஒன்று. குடியரசு தின அணிவகுப்புப் படங்களை வைத்து நிறம் கலக்காதீர்கள். அங்கே வரும் டாங்கிகள் துடைத்து மெருகேறியவை. தொலைக்காட்சி வேறு நிறத்தைத் தூக்கிக் காட்டும். சாலைச் சந்திப்பிலும் படைமுகாம் வாசலிலும் காட்சிக்கு நிறுத்திய டாங்கிகள் அதைவிடச் சிக்கல். வெயிலிலும் மழையிலும் நிற்பதால் கையில் கிடைத்த எனாமலை மேலே மேலே பூசியிருப்பார்கள். அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) டாங்கி அருங்காட்சியகத்துக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால் கட்டாயம் போங்கள். ஆனால் அங்கே வடிவத்தையும் விவரங்களையும் படமெடுங்கள், நிறத்தை அங்கிருந்து எடுக்காதீர்கள். பெட்டியின் மேல் இருக்கும் ஓவியமும் நிறத்துக்குச் சாட்சி இல்லை.

2. ஒரே குடும்பத்தில் நில்லுங்கள்

புதியவர்கள் அதிகம் பணம் இழக்கும் இடம் இதுதான். டாமியா, வல்லேஹோ இரண்டும் மாடல் பெயின்ட் நிறுவனங்கள். டாமியா அக்ரிலிக் ஆல்கஹால் சார்ந்த கரைப்பானில் இருப்பது. வல்லேஹோ மாடல் கலர் தண்ணீர் சார்ந்தது. இரண்டுமே புட்டியில் ‘அக்ரிலிக்’ என்றுதான் சொல்லும். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றினால் கட்டிகட்டியாகத் திரிந்துவிடும். வல்லேஹோவில் டாமியாவின் தின்னரை விட்டாலும் அதே கதி. காற்றழுத்தத்தில் பெயின்டைத் தெளிக்கும் ஏர்பிரஷின் மூக்கு அடைத்துக்கொள்ளும். காய்ந்த பூச்சின் மேல் மற்றொன்றை அடிப்பதில் தவறில்லை. கிண்ணத்தில் கலப்பதுதான் கூடாது.

ஏர்பிரஷ் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு டாமியா எக்ஸ்எஃப் வரிசை. கலக்க எளிது, நன்றாக ஒட்டும், சீக்கிரம் காயும். மிஸ்டர் ஹாபியின் அக்வியஸ் வரிசையும் இதோடு ஒத்துப்போகும், பயமில்லாமல் கலக்கலாம். தூரிகையால் மட்டும் பூசப் போகிறீர்களா, வல்லேஹோ எடுங்கள். டாமியாவைத் தூரிகையால் பூசினால் இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கரைத்து உரித்துக்கொண்டு வரும். கீழே நான் தரும் அளவுகள் டாமியாவுக்கானவை. கலக்கும் முறை எல்லாக் குடும்பத்துக்கும் பொது.

3. எட்டுப் புட்டிகள், அவற்றின் செலவு

இருபது முப்பது புட்டிகள் வாங்க வேண்டாம். இந்த எட்டு இருந்தால் இரண்டாம் உலகப்போரின் பெரும்பாலான டாங்கிகளுக்குப் போதும்:

எக்ஸ்எஃப்-1 கறுப்பு, எக்ஸ்எஃப்-2 வெள்ளை, எக்ஸ்எஃப்-3 மஞ்சள், எக்ஸ்எஃப்-57 பஃப் (வெளிர் மண் நிறம்), எக்ஸ்எஃப்-60 அடர் மஞ்சள், எக்ஸ்எஃப்-61 கரும்பச்சை, எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராப், எக்ஸ்எஃப்-64 செம்பழுப்பு.

ஜெர்மன் கருஞ்சாம்பல் வேண்டுமென்றால் எக்ஸ்எஃப்-63-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். சோவியத் டாங்கிக்கு எக்ஸ்எஃப்-58. ராஜஸ்தான் மணல் நிறத்துக்கு எக்ஸ்எஃப்-59. இவற்றை அந்தக் கிட் கைக்கு வந்த பிறகு வாங்கினால் போதும்.

இந்த எட்டில் அதிகம் செலவாவது பஃப். வெளிறவைக்க எல்லோரும் வெள்ளையைத்தான் எடுப்பார்கள். வெள்ளை சேர்ந்த பச்சை சுண்ணாம்படித்த சுவரின் பச்சையாகிவிடும், உயிர் போய்விடும். பஃபும் அடர் மஞ்சளும் வெளிறவும் வைக்கும், மண்ணின் சூட்டையும் தக்கவைக்கும். வெள்ளை சாம்பல் நிறங்களுக்கு மட்டும்.

செலவுக்கு இப்படி ஒதுக்குங்கள்: எட்டுச் சிறு புட்டிகளுக்கு (ஒவ்வொன்றும் 10 மி.லி.) இரண்டாயிரம் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். 250 மி.லி. தின்னருக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகக்கவசத்துக்கு இரண்டாயிரம். சொட்டுக்குழல், குப்பி, கரண்டி வகையறாவுக்கு ஐந்நூறு. ஏர்பிரஷும் கம்ப்ரசரும் இந்தக் கணக்கில் இல்லை. விலை கடைக்குக் கடை மாறும். ஒரே புட்டிக்கு இரண்டு இணையக் கடைகளில் நூறு ரூபாய் வரை வித்தியாசம் பார்த்திருக்கிறேன். அனுப்பும் கூலியையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

4. எப்படி வாங்குவது, எத்தனை நாள் ஆகும், என்ன காகிதம் வேண்டும்

டாமியா பெயின்டும் அதன் தின்னரும் தீப்பற்றக்கூடிய திரவங்கள். அதனால் பொறுப்பான கடைகள் இவற்றை விமானத்தில் அனுப்புவதில்லை, சாலை வழியாகத்தான் அனுப்பும். வடக்கே இருக்கும் கடையிலிருந்து பெங்களூருக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி, தசரா சமயத்தில் இன்னும் தள்ளும். கிட்டையும் பெயின்டையும் ஒரே ஆர்டரில் போட்டால் கிட்டும் பெயின்டோடு சேர்ந்து மெதுவாகத்தான் வரும். அவசரமென்றால் தனித்தனியாகப் போடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் மாமாவிடமும் அத்தை மகனிடமும் ‘நாலு புட்டி வாங்கிட்டு வாங்க’ என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கரைப்பான் சார்ந்த பெயின்டுக்கு இதைச் செய்யவே செய்யாதீர்கள். தீப்பற்றும் பெயின்டையும் தின்னரையும் பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியிலும் போட முடியாது. ஸ்கேனரில் பிடிபட்டால் பெட்டியைத் திறந்து நிற்க வேண்டியது அவர்தான். கிட், சிறு பாகங்கள், தூரிகை, டீக்கால் (மாடலில் ஒட்டும் எண், சின்னங்கள்) இவற்றைக் கேளுங்கள்.

வெளிநாட்டுக் கடையிலிருந்து கூரியரில் வரவழைத்தால் அடையாள ஆவணம் கேட்பார்கள். ஆதார் அல்லது பாஸ்போர்ட்டின் நகலைத் தயாராக வைத்திருங்கள். ஆர்டரில் இருக்கும் பெயரும் ஆவணத்தில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பது நம்மவர்களுக்கு எப்போதும் வரும் தொல்லை; சரக்கு அதனாலேயே சுங்கத்தில் தேங்கலாம். சுங்கவரி வீட்டு வாசலில் வசூலாகும், அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். என் கணக்கில், இங்கே கிடைக்கும் நிறத்தை வெளியிலிருந்து வரவழைப்பது ஒருபோதும் லாபமில்லை.

5. தின்னர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்

பாதுகாப்பான வழி, டாமியாவின் எக்ஸ்-20ஏ. அதே நிறுவனத்தின் லாக்கர் தின்னரும் டாமியா அக்ரிலிக்கோடு நன்றாகச் சேரும். பூச்சு இன்னும் வழவழப்பாக வரும், வாசனை கடுமை.

உள்ளூர் மாற்று வேண்டுமென்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். எஸ்.பி. ரோட்டில் மின்னணு சாமான் விற்கும் கடைகளில் சர்க்யூட் போர்டு துடைப்பதற்காக வைத்திருப்பார்கள். லேபிளில் 99 சதவீதம் என்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இது வேகமாகக் காயும், அதனால் வெயில் காலத்தில் சற்றுத் தொந்தரவு தரும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டை இதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். சிலவற்றில் விளக்கெண்ணெய் போன்றவை சேர்ந்திருக்கும். பூச்சு பிசுபிசுவென்றே நிற்கும்.

ஜே.சி. ரோட்டில் வண்டிப் பெயின்ட் கடைக்குப் போனால் ‘என்.சி. தின்னரா, பி.யு. தின்னரா?’ என்று கேட்பார்கள். கலப்பதற்கு இரண்டும் வேண்டாம். கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். இந்தத் தின்னர்கள் அதைத் தின்னும். கூர்மையான ஓரங்கள் மழுங்கும், மெல்லிய பாகம் வளையும். ஏர்பிரஷைக் கழுவ மட்டும் என்.சி. தின்னர் ஒரு லிட்டர் வைத்துக்கொள்ளலாம், மலிவு. பழைய தண்ணீர் பாட்டிலில் லேபிள் இல்லாமல் ஊற்றிக் கொடுப்பதை வாங்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

6. மேசையில் இருக்க வேண்டியவை

சொட்டுக்குழல் நான்கைந்து, எல்லாம் ஒரே வகை. ஒன்று மாறினாலும் சொட்டின் பருமன் மாறிவிடும், கணக்கு தப்பும். ஊசி இல்லாத 2 மி.லி. சிரிஞ்சு இன்னும் நல்லது, மெடிக்கல் ஷாப்பில் சில ரூபாய்தான்.

கலந்ததைச் சேமிக்க ஹோமியோபதி மருந்துக் கடையில் கிடைக்கும் 30 மி.லி. கண்ணாடிக் குப்பிகள் அருமையாகப் பொருந்துகின்றன. மூடி இறுக்கமானதாகப் பாருங்கள். உள்ளே ஓர் எஃகு உருண்டை போட்டால் குலுக்கும்போது அடியில் தங்கியது கலங்கும். துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும்; சைக்கிள் கடை பால்ஸ் சில வாரத்தில் துருவேறி நிறத்தையே கெடுத்துவிடும்.

சோதனைக்கு வெள்ளை பிளாஸ்டிக் கரண்டி ஒரு கட்டு. மாடலில் என்ன பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தீர்களோ அதையே கரண்டிகளுக்கும் முன்கூட்டி அடித்து வையுங்கள். சாம்பல் பிரைமர் மேல் ஒரு நிறமும் கறுப்புப் பிரைமர் மேல் இன்னொரு நிறமும் தெரியும். இதைச் செய்யாமல் வெறும் கரண்டியில் சோதித்தால் அந்தச் சோதனையால் பயனில்லை. மெல்லிய பிளாஸ்டிக் டம்ளரில் லாக்கர் தின்னரை ஊற்றாதீர்கள், டம்ளரின் அடி கழன்றுவிடும். பீங்கான் கிண்ணம் அல்லது பழைய எவர்சில்வர் கிண்ணம் எடுங்கள். அது திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது.

கோவிட் காலத்து என்95 முகக்கவசம் துகளைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிஜ் போட்ட அரைமுகக் கவசம் வாங்குங்கள். சமையலறைக்கும் பால்கனிக்கும் கதவு ஒன்றாக இருந்தால், அடிக்கும் நேரத்தில் அடுப்பு எரியக் கூடாது.

7. கலக்கும் முறை

நிதானம் தேவைப்படும் இடம் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதற்கென்று ஒதுக்குங்கள்.

முதலில் ஒரு பயிற்சி. எக்ஸ்எஃப்-3 மஞ்சள் ஆறு சொட்டு, எக்ஸ்எஃப்-1 கறுப்பு ஒரு சொட்டு. கலக்கிப் பாருங்கள். பச்சைப் புட்டியைத் தொடவே இல்லை, ஆனால் கிண்ணத்தில் ஆலிவ் பச்சை நிற்கும். கறுப்பு நிறமி மஞ்சளோடு சேரும்போது அடர் நீலத்தின் வேலையைச் செய்கிறது. ராணுவங்களின் ஆலிவ் நிறங்கள் பலவற்றுக்கும் காவி மஞ்சளும் கறுப்பும்தான் அடிப்படை. இதைக் கண்ணால் பார்த்த பிறகு உங்களுக்கு ஒன்று பிடிபடும்: ஆலிவ் டிராப் என்பது பச்சையைவிட மஞ்சளுக்கும் பழுப்புக்கும் நெருங்கிய உறவு. பச்சை மேலோங்கினால் தவறான திசையில் போகிறீர்கள்.

இனி உண்மையான கலவை. புட்டியைக் குலுக்கினால் போதாது. மூடியைத் திறந்து குச்சியால் அடிவரை கிளறுங்கள். பளபளப்பைக் குறைக்கும் பொருள் அடியில்தான் தங்கும். அது வராவிட்டால் பூச்சு திட்டுத்திட்டாகப் பளபளக்கும்.

வெளிர் நிறத்தை முதலில் கிண்ணத்தில் விடுங்கள், அடர் நிறத்தைச் சொட்டாகச் சேருங்கள். கறுப்பிலிருந்து தொடங்கி மஞ்சளை ஊற்றிக்கொண்டே போனால் புட்டி காலியாகும், நிறம் நகராது.

நிறம் பிடிக்கவில்லை என்றால் மூன்று கேள்விகளை இந்த வரிசையிலேயே கேளுங்கள். முதல் கேள்வி: வெளுப்பா, அடர்த்தியா? வெளிறவைக்க பஃப், அடர்த்திக்கு அதே குடும்பத்தின் அடர் நிறம். இரண்டாவது: சூடா, குளிர்ச்சியா? குளிர்ந்து நீலமடித்தால் அடர் மஞ்சள் இரண்டு சொட்டு. மூன்றாவது: கண்ணைப் பறிக்கிறதா? பச்சை துள்ளினால் கறுப்பைத் தொடாதீர்கள். செம்பழுப்பு ஒரே ஒரு சொட்டு. பச்சையின் துள்ளலைச் சிவப்பு அடக்கும். கறுப்பு அதை அழுக்காக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொரு சொட்டையும் அப்போதே தாளில் எழுதுங்கள். ‘நினைவிருக்கும்’ என்று விட்டால் அடுத்த வாரம் அதே நிறம் திரும்ப வராது.

நான் தொடங்கும் அளவுகள் இவை. பங்குக் கணக்கு, தின்னர் சேர்ப்பதற்கு முன்:

அமெரிக்க ஆலிவ் டிராப்: எக்ஸ்எஃப்-62 ஐந்து பங்கு, எக்ஸ்எஃப்-60 ஒரு பங்கு. மேல்பகுதித் தகடுகளுக்கு அதிலேயே பஃப் அரைப்பங்கு கூட்டி இரண்டாவது பூச்சு.

ஜெர்மன் அடர் மஞ்சள்: எக்ஸ்எஃப்-60 நான்கு, எக்ஸ்எஃப்-57 ஒன்று. எக்ஸ்எஃப்-60 தனியாக என் கண்ணுக்குச் சற்றுப் பச்சையடிக்கிறது. பஃப் அதைச் சரிசெய்கிறது.

அதன் மேல் வரும் ஆலிவ் பச்சை: எக்ஸ்எஃப்-61 மூன்று, எக்ஸ்எஃப்-60 இரண்டு. செம்பழுப்பு: எக்ஸ்எஃப்-64 நான்கு, எக்ஸ்எஃப்-57 ஒன்று. இரண்டிலும் அடிநிறத்தைச் சில சொட்டு விட்டால் மூன்றும் ஒரே வண்டியின் நிறங்களாக இணங்கிப்போகும்.

ஜெர்மன் கருஞ்சாம்பல்: எக்ஸ்எஃப்-63 ஐந்து, எக்ஸ்எஃப்-2 வெள்ளை ஒன்று. புட்டியிலிருந்து நேராக அடித்தால் கறுப்பாகத்தான் தெரியும்.

சோவியத் 4பிஓ பச்சை (சோவியத் டாங்கிகளின் போர்க்கால அடிநிறம்): எக்ஸ்எஃப்-58 நான்கு, எக்ஸ்எஃப்-60 ஒன்று. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறுபட்ட நிறம் இது, மனம்போல் நகர்த்தலாம்.

செஞ்சூரியனின் டீப் பிரோன்ஸ் கிரீன்: எக்ஸ்எஃப்-61 நான்கு, எக்ஸ்எஃப்-1 ஒன்று, எக்ஸ்எஃப்-3 சில சொட்டு. மிக அடர்ந்த நிறம். பஃப் கொஞ்சம் தாராளமாகவே சேருங்கள். 1971 பஞ்சாபின் புழுதி மேலே ஏறினால்தான் வண்டி உண்மையாகும்.

ராஜஸ்தான் மணல்: எக்ஸ்எஃப்-59 இரண்டு, எக்ஸ்எஃப்-57 ஒன்று.

8. ஏன் வெளிறவைக்க வேண்டும்

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். 1/35 மாடலை அரை மீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால், உண்மையான டாங்கியைப் பதினேழரை மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். 1/72 என்றால் முப்பத்தாறு மீட்டர். அந்தத் தூரத்தில் நடுவில் இருக்கும் காற்றும் தூசியும் நிறத்தை மங்கவைக்கும். போதாததற்கு, பெரிய தகட்டில் விழும் வெயில் சிறிய தகட்டில் அதே அளவு தெறிக்காது. மேலே அடிக்கப் போகும் வாஷும் (இடுக்குகளில் இறங்கும் நீர்த்த கருநிறம்) நிறத்தை ஒரு படி கறுக்கவைக்கும். அதனால் அட்டையில் இருப்பதைவிட 1/35-க்குப் பத்தில் ஒரு பங்கு, 1/72-க்கு அதைவிடக் கூடுதலாக வெளிறவைக்கிறேன். மேலே தந்த அளவுகளில் இது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அதற்கும் மேல் புழுதி நிறம் ஏற்றப் போகிறவர்கள் இன்னும் வெளிறவைக்க வேண்டாம்.

9. ஈரத்தில் முடிவெடுக்காதீர்கள்

கிண்ணத்தில் தெரிவது மாடலில் வரப்போகும் நிறமே இல்லை. டாமியாவின் பளபளப்பற்ற நிறங்கள் ஈரத்தில் அடர்ந்து தெரிந்து, காய்ந்ததும் சற்று வெளிறும். வல்லேஹோ ஈரத்தில் பால்போல வெளுத்திருந்து, காய்ந்ததும் கறுக்கும். கரண்டியில் அடித்து, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் சில நிமிடம் காட்டி, அதன் மேல் நீங்கள் கடைசியில் அடிக்கப் போகும் மேட் (பளபளப்பற்ற) வார்னிஷையும் அடித்துவிட்டுத்தான் முடிவு சொல்லுங்கள். டீக்காலுக்காக இடையில் பளபளப்பு வார்னிஷ் அடிக்கும்போது நிறம் திடீரென்று அடர்ந்து தெரியும். பதறிப்போய்த் திருத்த வேண்டாம், மேட் அடித்ததும் திரும்பிவிடும்.

வெளிச்சமும் அதே அளவு முக்கியம். குழல்விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு பச்சைகள், வெயிலில் ஒன்று பழுப்பாகவும் மற்றொன்று நீலமாகவும் பிரிந்து நிற்கும். வெவ்வேறு நிறமிகளால் ஆனவை வெவ்வேறு வெளிச்சத்தில் வெவ்வேறாகத்தான் நடந்துகொள்ளும். காலை பத்து மணிக்கு மேல், நேரடி வெயில் விழாத ஜன்னலோரம், முடிந்தால் வடக்கு பார்த்தது. அங்கேதான் இறுதி முடிவு. இரவில் வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் நிறத்தை உள்ளபடி காட்டும் திறன் 90-க்கு மேல் என்று அட்டையில் போட்ட எல்இடி பல்பு வாங்குங்கள். அலுவலகம் முடிந்து இரவு ஒன்பது மணிக்குக் கலப்பவர்கள், மறுநாள் காலையில் கரண்டியைப் பார்த்த பிறகே மாடலில் அடியுங்கள்.

10. அடிப்பது: பதம், அழுத்தம், பெங்களூர் வானிலை

ஒரு நடுத்தர 1/35 டாங்கிக்கு, தின்னர் சேர்த்த பிறகு, 15 மி.லி. அளவுக்குக் கலவை தேவைப்படும். இருபதாகவே கலந்துவிடுங்கள். சக்கரங்களை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பக் கலப்பதுதான் நிறம் மாறுவதற்கு முதல் காரணம்.

பெயின்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு. கிண்ணத்தின் சுவரில் ஏற்றிவிட்டால் மெல்லிய படலம் விட்டு வழிந்து இறங்க வேண்டும், அதுதான் பதம். 0.3 மி.மீ. ஊசிக்குக் காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை, இடையில் சில நிமிடம் விட்டு.

நம் ஊரில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மதிய நேரம் வறண்டது. பெயின்ட் காற்றிலேயே காய்ந்து மாடலில் சொரசொரப்பாகப் படியும். அந்த மாதங்களில் காலையிலேயே அடியுங்கள், ஏர்பிரஷைக் கொஞ்சம் நெருக்கிப் பிடியுங்கள், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இரண்டு சொட்டு விடுங்கள். மே மாத மாலை மழையும், செப்டம்பர், அக்டோபர் மழையும் நேரெதிர்: ஈரக்காற்றில் லாக்கர் தின்னரும் மேட் வார்னிஷும் வெண்மை பூக்கும். மழை பிடித்திருக்கும் நாளில் வார்னிஷை எடுக்கவே வேண்டாம். கம்ப்ரசரில் ஈரம் பிரிக்கும் குப்பி இல்லாவிட்டால் இந்த மாதங்களில் தண்ணீர்ச் சொட்டே தெறிக்கும்.

காயும் நேரம்: அடுத்த பூச்சுக்கு அரை மணி. மாஸ்கிங் டேப் ஒட்டவும், எனாமல் வாஷ் அடிக்கவும் ஒரு முழு நாள். வல்லேஹோ என்றால் இரண்டு நாள் விடுங்கள், டேப்போடு உரியாது. மொத்தத்தில், பெயின்ட் ஆர்டர் போட்ட நாளிலிருந்து மூன்று நிறக் காமாஃப்ளாஜ் முடியும் வரை மூன்று வார இறுதிகள் என்று திட்டமிடுங்கள்.

11. மிச்சத்தைச் சேமிப்பதும் கழிப்பதும்

மீந்த கலவையைக் குப்பியில் ஊற்றி மூடியின் உட்புறத்தைத் துடைத்து இறுக்குங்கள். ஒட்டிய காகிதத்தில் தேதி, பங்குகள், தின்னர் சேர்த்ததா இல்லையா, எந்த மாடலுக்கு என்று எழுதுங்கள். சோதித்த கரண்டியின் பின்புறத்திலும் அதே விவரம். பத்துக் கரண்டிகள் சேர்ந்துவிட்டால் உங்களுடைய சொந்த வண்ண அட்டை தயார். அடுத்த கிட்டுக்குக் கலக்கும்போது ரால் அட்டையைவிட அதுதான் அதிகம் கைகொடுக்கும். தின்னர் சேர்த்த கலவையைச் சில மாதத்துக்கு மேல் நம்பாதீர்கள்.

கழுவிய தின்னரைத் தொட்டியிலோ கழிவறையிலோ ஊற்றக் கூடாது. ஒரு கண்ணாடி ஜாடியில் சேர்த்து வையுங்கள். இரண்டு நாளில் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த முறை ஏர்பிரஷின் முதல் கழுவலுக்கு எடுத்துக்கொள்ளலாம். அடிக்கசடை மொட்டைமாடியில், குழந்தைகளுக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில், காகிதத்தில் பரப்பிக் காயவிடுங்கள். முழுக்கக் காய்ந்ததும் மடித்துக் கட்டி, ஈரக் குப்பை, உலர் குப்பை இரண்டிலும் சேர்க்காமல், பழைய பேட்டரி, டியூப்லைட் போடும் பையில் போட்டு, காலையில் வண்டி வரும்போது இது பெயின்ட் கழிவு என்று சொல்லிக் கொடுங்கள்.